கடைசி பஸ்ஸுக்குப் பிறகு

வள்ளுவர் அஞ்சலோட்டத்தில் முதலிடம். கம்பர் கயிறிழுத்தலில் சறுக்கி விழுந்துவிட்டார். பாரதிக்குக் குண்டெறிதலில் ஒரு புள்ளிகூட இல்லை. இலங்கையின் மலையகப் பாடசாலை ஒன்றின் இல்ல விளையாட்டுப் போட்டியை மைதானத்துக்கு வராமல் ஒலிபெருக்கி வழியாக மட்டும் கேட்கிறவருக்கு, தமிழ் இலக்கியத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். இல்லங்களுக்கெல்லாம் புலவர்களின் பெயர். புள்ளிகளெல்லாம் ஓடுகிறவர்களுக்கு.

நான் கம்பர் இல்லம். எனக்கு ஓட வராது. பந்து எதிரே வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். தரம் ஆறிலிருந்து பதின்மூன்று வரை அந்த மைதானத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வேலை இல்ல அலங்காரம். போட்டிக்கு மூன்று நாளைக்கு முன்பே தொடங்கிவிடுவோம். பையன்கள் மூங்கில் வெட்டி வருவார்கள். நாங்கள் பைனஸ் கொப்பும் காட்டுப் பன்னமும் சேர்ப்போம். கிறேப் தாள், கோதுமை மாப் பசை, பழைய படங்கு, யாரோ ஒருவர் வீட்டுச் சேலை. கோபுரம் மாதிரி ஒன்று எழும்பும். நடுவர்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டு போவார்கள். மறுநாள் காலையில் அதைப் பிடுங்கிப் போட்டு அந்த மூங்கிலை யாராவது கோழிக்கூட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள்.

அந்த மூன்று நாளில் நாங்கள் பேசிய பேச்சு, வருடத்தின் மற்ற நாட்களில் பேசியதை எல்லாம் கூட்டினாலும் வராது. யாருக்கு என்ன படிக்க ஆசை, யார் வீட்டில் அப்பா குடிக்கிறார், யார் ரகசியமாகக் கவிதை எழுதுகிறாள் என்பதெல்லாம் அந்தப் பசைச் சட்டியைச் சுற்றித்தான் வெளிவந்தது. விளையாட்டுக்காரர்களுக்கு இந்தப் பேச்சு தினமும் உண்டு. பயிற்சி முடிந்து சப்பாத்தைக் கழற்றும்போது, தண்ணீர்ப் போத்தலைக் கைமாற்றும்போது, வெளியூர்ப் போட்டிக்கு வான் வண்டியில் நெருக்கியடித்துப் போகும்போது. எங்களுக்கு வருடத்துக்கு மூன்று நாள்.

ஓடாத, எறியாத, குதிக்காத பிள்ளை மலையகத்தில் எங்கே போய்க் கூடுகிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

பதினொரு பேர் கணக்கு

அமெரிக்காவில் சிறிய கலைக் கல்லூரிகள் என்று ஒரு வகை உண்டு. ஆயிரம், இரண்டாயிரம் மாணவர்கள். எல்லோரும் வளாகத்திலேயே தங்கிப் படிப்பார்கள். மருத்துவம், பொறியியல் என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் இலக்கியம், மெய்யியல், கணிதம் எல்லாம் கலந்து படிப்பார்கள். பெரிய பல்கலைக்கழகங்களில்தான் விளையாட்டின் ஆதிக்கம் அதிகம் என்று நாம் நினைப்போம். 2001இல் ஜேம்ஸ் ஷுல்மன், வில்லியம் போவென் என்ற இருவர் எழுதிய ‘தி கேம் ஒஃப் லைஃப்’ என்ற நூல் அதைத் தலைகீழாக்கிக் காட்டியது. சிறிய கல்லூரியில்தான் மொத்த மாணவரில் விளையாட்டு வீரர்களின் பங்கு அதிகம். காரணம் எளிய கணக்கு. அணியின் அளவு மாறாது. கல்லூரியின் அளவுதான் மாறும். அம்ஹர்ஸ்ட் போன்ற ஒரு கல்லூரியில் மூன்றில் ஒருவர் ஏதாவது ஓர் அணியில் இருக்கிறார். சனிக்கிழமை இரவு யார் யாரோடு சேர்ந்து சாப்பிடுவது என்பதையும் அந்த அணியே தீர்மானித்துவிடுகிறது. மிச்சம் இருப்பவர்கள் தங்களுக்கு ஓர் இடம் தேடி அலைகிறார்கள். அந்தக் கல்லூரியே இதைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை வெளியிட வேண்டி வந்தது.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. தோட்டப் பாடசாலையில் படித்தவருக்கு இது மனப்பாடம். கிரிக்கெட்டுக்குப் பதினொரு பேர், கரப்பந்துக்கு ஆறு பேர், வலைப்பந்துக்கு ஏழு பேர். மூவாயிரம் பிள்ளைகள் படிக்கும் கொழும்புப் பாடசாலையில் இந்த இருபத்துநாலு பேர் கூட்டத்தில் கரைந்துபோவார்கள். உயர்தர வகுப்பில் அறுபது பேரே இருக்கும் ஒரு மலைப் பாடசாலையில், இந்த இருபத்துநாலு பேர்தான் பாடசாலை. காலைக் கூட்டத்தில் அதிபர் வாயில் வருவது அவர்கள் பெயர். ஆண்டுமலரில் வருவது அவர்கள் படம்.

அதில் பொறாமைப்பட ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று வெறுங்காலோடு ஓடி மாகாண மட்டத்தில் வென்று வந்தால் அழுகை வரத்தான் செய்யும். முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பேரன் டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட் எடுத்து நின்றபோது தோட்டத் தொழிலாளரின் லயத்துக் காம்பராக்களில் அந்தப் படம் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஏறியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மணிக்கட்டு அப்படி வளையாத லட்சம் பிள்ளைகளும் இந்த மலையில்தான் பிறக்கிறார்கள்.

அனுமதி

அணியில் இருப்பவருக்குக் கிடைக்கும் பெரிய பரிசு கேடயம் அல்ல, அனுமதி. “பிரக்டிஸ் இருக்கும்மா” என்றால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். “சும்மா பேசிட்டு இருந்தோம்மா” என்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள்.

ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடும். ஹட்டன் நகரிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு மாலையில் ஒரே பஸ். அதை விட்டால் ஓட்டோவுக்கு அம்மாவின் ஒருநாள் பேரில், அதாவது நாட்சம்பளத்தில், பாதி போய்விடும். பஸ் இறங்கும் சந்தியிலிருந்து தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்குக்கு இரண்டு மைல் ஏற்றம். மழைக்காலத்தில் அட்டை, இருட்டினால் பயம். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வீடு வருவதற்குள் பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, தம்பிக்கு ரொட்டி சுட்டு வைத்திருக்க வேண்டும். பெண் பிள்ளைக்குச் சாயங்காலம் என்பது பொழுது அல்ல, இரண்டாவது பாடசாலை. அதில் வருகைப் பதிவேடு மிகக் கண்டிப்பு.

ஆகவே மலையகத்தில் ஒரு பிள்ளையின் நட்பு வட்டத்தை வரைவது யார் என்று என்னைக் கேட்டால் பஸ் நேரசூசி என்றுதான் சொல்வேன். பஸ்ஸுக்கு மேல் நிற்க விளையாட்டுக்குக் காரணம் உண்டு. புத்தகம் பேச, பாட்டுப் பாட, ஒன்றும் செய்யாமல் சேர்ந்து உட்கார்ந்திருக்கக் காரணம் இல்லை. இருந்தாலும் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

இந்த அனுமதி எங்கிருந்து வந்தது? என் ஊகம், அது வெள்ளைக்காரத் துரைமார் காலத்துச் சரக்கு.

தோட்டத் துரைகளின் சமூக வாழ்வே விளையாட்டைச் சுற்றி அமைந்தது. டிக்கோயாவின் டரவளையிலும், லிந்துலைப் பக்கம் ரதல்லையிலும் மலைச்சரிவைச் செதுக்கி கிரிக்கெட் மைதானம் போட்டு, பக்கத்தில் கிளப் கட்டிக்கொண்டார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த அணிகள் மலையேறி வந்து அங்கே ஆடிப்போயிருக்கின்றன. நுவரெலியாவில் 1870களிலேயே குதிரைப் பந்தயத் திடலும் ஹில் கிளப்பும் வந்துவிட்டன. பந்து ஆடுகிறவன் ஒழுங்கானவன் என்பது அந்த வர்க்கத்தின் நம்பிக்கை. தொழிலாளர் பிள்ளைகள் சாயங்காலம் பந்து உதைத்தால் துரை ஜீப்பை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார். ஆனால் அதே பிள்ளைகள் பத்துப் பேர் ஓர் இடத்தில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்தால்?

அதற்குத் துரைமார் பயந்தார்கள். வெளியாள் தோட்டத்துக்குள் காலடி வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடக்கூடிய காலம் அது. தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையைப் பார்ப்பதற்காகப் புடவை வியாபாரி வேஷத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது மலையகம் சொல்லித் தீராத கதை. 1931இல் அவர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுக் கட்டிப் பாடினார். பேச்சைவிடப் பாட்டு வேகமாக மலையேறும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து தோட்டத்தில் பத்துப் பேர் கூடிப் பேசுவது என்றால் ‘சங்கம்’ என்று பொருள். சங்கம் என்றால் தொல்லை என்று பொருள். கணக்கப்பிள்ளை காதுக்குப் போகும்; வேலை போகும். அந்தப் பயம் துரைமாரோடு கப்பலேறிப் போகவில்லை. “எதுக்கு அங்க கூட்டம் போடுறீங்க?” என்று இன்றைக்கும் வீட்டில் கேட்கும் கேள்விக்குள் அது உட்கார்ந்திருக்கிறது.

தேர்தல் காலத்தில் வந்து பாருங்கள். வேட்பாளர் கொடுப்பது கரப்பந்து வலை, கிரிக்கெட் மட்டை, பெயர் அச்சடித்த ஜேர்சி. இரண்டு அலுமாரி புத்தகமும் ஒரு மின்விளக்கும் நாலு வாங்கும் போட்டு ஓர் அறையைத் திறந்துவைத்த வேட்பாளரை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. நோர்வூட்டில் மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் பெயரில் நல்ல விளையாட்டு மைதானம் இருக்கிறது. 2017 மே 12ஆம் திகதி அங்கே மலையகமே திரண்டது. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி பேச வந்திருந்தார். ஆக, மைதானத்தை நிரப்பப் பேச்சாலும் முடியும்.

ஓடாதவர்களின் ஒலிம்பிக்

ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது. அதன் பெயர் தமிழ்மொழித் தினப் போட்டி.

இலங்கைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். கல்வி அமைச்சு ஆண்டுதோறும் நடத்தும் அகில இலங்கைப் போட்டி இது. பாடசாலையில் வென்றால் கோட்டம், அதில் வென்றால் வலயம், பிறகு மாகாணம், கடைசியில் தேசியம். பேச்சு, பாவோதல், எழுத்தாக்கம், தனி இசை, குழு இசை, நடனம், விவாதம், வில்லுப்பாட்டு, நாட்டார் பாடல், நாடகம். நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் ஹட்டன் வலயத்தில் வெல்வது என்றால் லேசான காரியம் இல்லை. அத்தனை பிள்ளைகள் பேசுவார்கள், அத்தனை பிள்ளைகள் பாடுவார்கள்.

வில்லுப்பாட்டுக் குழுவில் நான் பின்பாட்டு. அதாவது “ஆமா” போடுகிறவள். தலைமைப் பாடகிக்குத் தொண்டை கட்டியபோது மிளகும் சுக்கும் கொண்டுவந்தது குடம் தட்டுகிறவளின் ஆயா. ஒரே நிறத்தில் சேலை வேண்டும் என்று ஆசிரியை சொன்னதும், லயத்தில் வீடு வீடாகக் கேட்டு, ஏறக்குறைய பச்சை என்று சொல்லக்கூடிய ஆறு சேலைகளைச் சேர்த்தோம். அந்த ஆறு வாரமும் எங்களுக்கு அனுமதி இருந்தது. “பிரக்டிஸ் இருக்கும்மா” என்று நானும் சொன்னேன். வாழ்நாளில் முதல் தடவை. சொல்லும்போதே நிமிர்ந்து நின்றது நினைவிருக்கிறது. வலயத்தில் இரண்டாமிடம் வந்தோம், மாகாணத்துக்குப் போகவில்லை. அதோடு கலைந்துவிட்டோம். போட்டி முடிந்தால் குழு முடிந்தது. ஓட்டக்காரிக்கு அடுத்த வருடமும் ஓட்டம் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும்; ஆமா போடுகிறவளுக்கு அப்படி இல்லை.

போட்டி இல்லாமல் கூடுவது தோட்டத்தில் ஒரு காலத்தில் இருந்தது. காமன் கூத்துக்காக மாசி அமாவாசை கழிந்து காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிவிட்டால் பௌர்ணமி வரை ஒவ்வொரு இரவும் கூட்டம்தான். தப்புச் சத்தம் கேட்டதும் தூக்கம் போய்விடும். ரதி, மதன் வேடம் கட்டுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, வேடம் கட்டாதவனுக்கும் வேலை இருந்தது. தீப்பந்தம் பிடிக்கலாம், பின்பாட்டுப் பாடலாம், தேத்தண்ணி ஊற்றலாம், ஒன்றுமில்லாவிட்டால் உட்கார்ந்து விடியவிடியப் பார்க்கலாம். அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அப்படித்தான். அங்கே ஆடாதவன் என்று ஒருவனும் இல்லை. ஆனால் ரதி வேடத்தையும் ஆணே கட்டினான் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெண்கள் படங்கை விரித்துப் பிள்ளையை மடியில் போட்டுப் பார்த்தார்கள். அந்த இரவுகளும் எங்களுக்குப் பாதிதான்.

ஆண் பிள்ளைகள் படித்து மேலே வந்ததும் கூத்தின் இடத்தை எழுத்து பிடித்தது. 1892இல் மெதடிஸ்த மிஷன் தொடங்கிய ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கமும் திருச்செந்தூரனும் ஆசிரியர்களாக இருந்த காலத்தைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் கண் விரியப் பேசுவார்கள். வகுப்பு முடிந்த பிறகுதான் உண்மையான வகுப்பு நடந்தது என்பார்கள். எழுத்து, பேச்சு, வாலிபர் சங்கம் என்று ஒரு தலைமுறையே அங்கிருந்து கிளம்பியது. அதற்குப் பின் தீர்த்தக்கரை, நந்தலாலா, கொழுந்து என்று சிற்றிதழ்கள் வந்தன. ஓர் இதழ் வெளிவர நாலு பேர் ஓர் அறையில் அடிக்கடி கூட வேண்டும். சிற்றிதழின் முதல் பயன் வாசகனுக்கு அல்ல, அந்த நாலு பேருக்குத்தான் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அவர்கள் யாரும் பந்து எறிந்து பெயர் வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

பத்தனையில் ஒரு சாயங்காலம்

உயர்தரம் முடிந்து என் வகுப்புத் தோழி பத்தனைக்குப் போனாள். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன்.

ஹட்டனிலிருந்து கொட்டகலை தாண்டித் தலவாக்கலைக்குப் போகும் வழியில் பத்தனைச் சந்தி. அங்கே இருக்கிறது ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நாட்டில் தொடங்கப்பட்ட கல்வியியற் கல்லூரிகளில் ஒன்று. ஜேர்மனியின் உதவியோடு 1990களின் தொடக்கத்தில் தோட்டங்களின் நடுவே எழுந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்றதே 1970களில்தான். அந்தப் பாடசாலைகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த கல்லூரி இது. மலையகப் பிள்ளைகளுக்கு அதில் எத்தனை இடம் என்ற வாக்குவாதம் திறந்த காலத்திலிருந்து தீரவில்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எனக்கு இங்கே முக்கியம் அதன் விடுதி. மூன்று ஆண்டுப் படிப்பில் முதல் இரண்டு ஆண்டும் உள்ளே தங்கிப் படிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு ஏதாவது ஒரு பாடசாலையில் கட்டுறு பயில்வு, அதாவது கற்பித்துப் பழகுவது. அமெரிக்காவின் சிறிய கலைக் கல்லூரிக்கு நம் மலையில் ஒப்பாகச் சொல்ல ஒன்று உண்டென்றால் இதைத்தான் சொல்வேன். அளவான கூட்டம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சாப்பாட்டு மணி ஒன்று. மாதா மாதம் கொஞ்சம் கொடுப்பனவு. ஆங்கில ஆசிரியராகப் போகிறவளும் கணித ஆசிரியராகப் போகிறவளும் அடுத்தடுத்த கட்டிலில் தூங்குவார்கள்.

தோழியும் என்னைப்போல ஓடாதவள். முதல் கடிதத்தில் அவள் பாடங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஐந்து மணி ஆகிறது, எனக்கு எந்த வேலையும் இல்லை, என்ன செய்வதென்று தெரியாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் இன்னும் மூன்று பேர் இதே மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

பத்தொன்பது வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் சாயங்காலம் அது. பீலி இல்லை, அடுப்பு இல்லை, பஸ் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்த அந்த நாலு பேரும் பிறகு பூசையறையில் பஜனை பாடினார்கள், கலைவிழாவுக்கு நாடகம் போட்டார்கள், சுவர்ப் பத்திரிகை எழுதினார்கள். சிங்களப் பிள்ளைகளோடு பத்திக் துணிக்குச் சாயம் போட்டார்கள். தமிழில் ஒருத்தி திட்ட, சிங்களத்தில் ஒருத்தி திட்ட, இரண்டு பாஷையும் அப்படித்தான் வந்தது என்பாள். கல்லூரியின் விளையாட்டுப் போட்டிக்கு யார் இல்ல அலங்காரம் செய்தது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கல்வியியற் கல்லூரி மலையகத்துக்கு ஆசிரியர்களைத் தந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சரிதான். ஓடாத, பாடாத, சாதாரணப் பெண் பிள்ளைகளுக்கு அது இரண்டு வருடச் சாயங்காலத்தைத் தந்தது என்பதை யாரும் எழுதவில்லை. டிப்ளோமாவுக்கு நிகரான சொத்து அது என்று நான் நினைக்கிறேன்.

பேராதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் வதிவிடப் பல்கலைக்கழகம் என்ற நோக்கத்தோடு அதைத் திட்டமிட்டார். 1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து மகாவலிக் கரைக்கு மாறியது. அவர் மனத்தில் இருந்தது ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ். படகோட்டலும் ரக்பியும் இருந்தன. ஆனால் பேராதனை நாட்டுக்குக் கொடுத்தவற்றில் பெரியவை விளையாடாதவர்களின் சாயங்காலங்களிலிருந்து வந்தவை. 1956இல் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர மாணவர்களை வைத்து ‘மனமே’ போட்டார்; சிங்கள நாடகம் திரும்பிப் பார்க்காத திசையில் போய்விட்டது. 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ் மாணவர்களை வைத்து மட்டக்களப்புக் கூத்தான ‘கர்ணன் போர்’ போட்டார். பின்னால் ‘இராவணேசன்’ வந்தது. படிக்காதவர் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்ட கூத்து மேடைக்கு ஏறியது. விரிவுரை முடிந்து பஸ் பிடிக்க ஓடும் கல்லூரியாக அது இருந்திருந்தால் ஒத்திகைக்கு யார் நின்றிருப்பார்கள்?

விடுதிச் சாயங்காலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மூத்த மாணவர்கள் புதியவர்களைச் செய்யும் பகிடிவதையும் அதே இருட்டில்தான் நடக்கிறது. அதைத் தடுக்க 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு இந்த நாட்டின் உயர்கல்வி நிலையங்களில் அது நடந்தது. மலையகப் பிள்ளைக்கு அதில் கூடுதல் பங்கு. “எந்தத் தோட்டம்?” என்ற கேள்வி சில வாயிலிருந்து வரும்போது அது முகவரி விசாரிப்பது அல்ல. வெறும் இடமும் நேரமும் கொடுத்தால் நட்பு தானாக முளைக்கும் என்று நான் சொல்லவரவில்லை.

ஹட்டனில் சனிக்கிழமை

இப்போதைய பிள்ளைகள் எங்கே கூடுகிறார்கள்? ஹட்டன் நகரில் ஒரு சனிக்கிழமை நின்று பார்த்தால் விளங்கும். டியூஷன். மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட், கொட்டகலை என்று நாலு பக்கத்திலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். விளையாட்டுக்கு அடுத்தபடி வீட்டில் கேள்வி கேட்காமல் அனுமதி கிடைக்கும் ஒரே சொல் அதுதான். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே முக்கால் மணி நேரம். பேக்கரியில் ஒரு மாலு பணிஸை நாலாகப் பிய்த்துக்கொண்டு நிற்கும் அந்த முக்கால் மணிதான் பெரும்பாலான பிள்ளைகளின் சமூக வாழ்வு. ஆசிரியர் வர இருபது நிமிடம் பிந்தினால் அது திருவிழா.

தொலைபேசி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி உட்கார்ந்து ஒருவனுக்கொருவன் படம் அனுப்புகிறார்கள். அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போன அக்காவோடு பேச அந்தப் பாறைதான் வழி. ஆனால் பசைச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தபோது ஒருத்தி அழுதால் பக்கத்தில் இருந்தவள் முதுகில் கை வைத்தாள்.

பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா இன்றும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் குறைவு என்பதால் பெரும்பாலான மலையகப் பிள்ளைகள் கலைப் பிரிவில்தான் வந்து சேர்கிறார்கள். தமிழ், வரலாறு, புவியியல், நாடகமும் அரங்கியலும். பேசிப் பேசிப் படிக்க வேண்டிய பாடங்கள். அந்தப் பேச்சுக்குத்தான் இடம் இல்லை. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வருகிறார்கள். பிறகு, கலைப் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சிந்திக்கத் தெரியவில்லை என்று கருத்தரங்கு வைக்கிறோம்.

பெரிய திட்டம் ஒன்றும் கேட்கவில்லை. மலையகத் தமிழர் இங்கே வந்து இருநூறு ஆண்டானதை ஒட்டி, ‘மலையகம் 200’ என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். பாட்டன்மார் நடந்த பாதையை நினைவுகூர்ந்தோம். காணி, வீட்டு உரிமை, சம்பளம் என்று கோரிக்கைகள் வைத்தோம். எல்லாம் வேண்டும். அந்தப் பட்டியலின் கடைசியில், சிறிய எழுத்தில், இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடசாலைக்கு ஒரு வகுப்பறை, வாரத்தில் இரண்டு நாள், ஐந்து மணி வரை. பொறுப்புக்கு ஓர் ஆசிரியர். கேடயம் இல்லை, நடுவர் இல்லை, கோட்டம் வலயம் இல்லை. பெண் பிள்ளைகள் வீடு போய்ச் சேர ஒரு பஸ். பஸ்ஸுக்கு ஹட்டன் டிப்போவிடம் கேட்க வேண்டும், அதற்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கடிதம் ஒன்று போதும். கையெழுத்துப் போடப் பெற்றோர் வேண்டும். வகுப்பறைச் சாவி அதிபரின் மேசை லாச்சியில்தான் இருக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மைதானத்து வேலியைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, தயவுசெய்து அந்தச் சாவியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.